ரெடிமேடு வேண்டாம் என்ற அண்ணி

என் அண்ணிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ரோட்டைக் கடக்கும்போதுகூட என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். வண்டி வருகிறதா என்று பார்க்கும் வேலை என்னுடையது, கண்ணை மூடிக்கொண்டு கூட வருவது அவளுடையது. அப்பேர்ப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வந்தால் போதும், ஸ்பீக்கரைப் பெரிதாக வைத்துக்கொண்டு மலை மலையாகச் சரக்கு லாரி ஓட்டுவாள். கம்ப்யூட்டரில்தான். ஸ்டியரிங் அவள் கையில். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரைபடம் பார்த்து வழி சொல்வது அவள் மகள். அந்தப் பெண் வேலைக்குப் போய் உட்கார்ந்திருப்பது விமானம் ஏறிப் போகிற தூரத்தில். லாரியில் மட்டும்தான் இரண்டு பேரும் அக்கம்பக்கம்.

அண்ணி என்று மரியாதையாகச் சொல்கிறேனே தவிர, நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். என்னைப் பார்க்க வருகிற சாக்கில் வீட்டுக்கு வந்து வந்து என் அண்ணனையே கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து முறைக்கு அண்ணி. வாய் மட்டும் இன்னும் 'வா, போ'தான். அவளுடைய தையல் கடையில்தான் எனக்கும் பிழைப்பு. அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பதெல்லாம் அவள். காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, இஸ்திரி போடுவது, துணி ஏன் இன்னும் தயாராகவில்லை என்று கத்துகிறவர்களிடம் திருப்பிக் கத்துவது எல்லாம் நான். கடைசியாகச் சொன்னதில் எனக்கு நல்ல பெயர்.

கடை சின்னது. இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேசை, ஆளுயரக் கண்ணாடி, அதற்கு எதிரே கம்பியில் வரிசையாகத் தொங்கும் பேண்ட்டுகள். பின்பக்கக் கதவைத் திறந்தால் வீடு. எதிர்ச் சாரியில் மூன்று மாடிக்கு ஒரு ரெடிமேடு துணிக்கடை இருக்கிறது. அண்ணி கடைக் கதவைத் திறக்கும்போது அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் திறப்பாள். ரெடிமேடு என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "யாருக்கோன்னு தைச்சு வெச்சதை யாரோ போட்டுக்கறதுக்குப் பேர் துணியா?" என்பாள். நான் அந்த மூன்றாவது மாடியில் வாங்கிய நீல டாப்ஸை, என் ஓரகத்தி கொடுத்தது என்று சொல்லித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். வயிற்றுப்பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே.

மகள் கதைக்கு வருகிறேன். நடை பழகிய காலத்திலிருந்து அவளுக்கு வீட்டில் 'வாத்து' என்று பெயர். வளர்ந்து, படித்து, நேராக நடந்து, வேலை கிடைத்து வெளிநாடு போன பிறகும் வாத்துதான். போன புதிதில் அம்மாவுக்கும் மகளுக்கும் ஃபோனில் பேச்சே ஓடாது. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "அங்க குளிரா?" "குளிர்தான். அப்பா நல்லா இருக்காரா?" "இருக்கார்." "சரிம்மா, வெச்சிடறேன்." அவ்வளவுதான். அண்ணி ஃபோனை வைத்துவிட்டு, அணைந்துபோன திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். சண்டை ஒன்றும் இல்லை. ஒரே வீட்டில் இருந்தபோது பேச்சு தானாக வந்தது. இப்போது எங்கே தொடங்குவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஒரு லீவுக்கு வந்தபோது வாத்துதான், தான் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் அந்த லாரி ஆட்டத்தைப் போட்டுக் காட்டினாள். அம்மா முதல் நாளே லாரியைக் குளத்தில் இறக்கினாள். இரண்டாம் நாள் பெட்ரோல் பங்க்கின் மேல் ஏற்றினாள். அப்புறம் பிடித்துக்கொண்டாள். என் அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவன் நிஜ பஸ் ஓட்டுகிற டிரைவர். "நகரு, நான் காட்டறேன்" என்று உட்கார்ந்தான். முதல் வளைவிலேயே தலை சுற்றுகிறது என்று எழுந்து போனவன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு கதவோரம் நின்று, "வளைவுல இப்படியா ஒடிப்பாங்க?" என்று நொட்டை சொல்வதோடு சரி.

லாரியில் ஏறினால் அம்மாவுக்கும் மகளுக்கும் பேச்சு வந்துவிடும். "அம்மா, முன்னாடி வளைவு." "பார்த்துட்டேன்." "மெதுவா, மெதுவா. நேத்து எனக்குக் காய்ச்சல்மா." "ஏன்டி சொல்லல?" "இப்பதான் சொல்றேனே. வலது பக்கம் போ." இப்படித்தான். எதிரே ரோடு இருந்தால் எதை வேண்டுமானாலும் பேசலாம் போலிருக்கிறது. நான் பக்கத்து அறையில் துணி மடிப்பது போல உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த வீட்டு விஷயங்களில் பாதி எனக்கு லாரி வழியாகத்தான் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே, அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாகம் வந்து நின்றது. இன்னும் பெரிய மலை, நிஜம் போல மழை, கண்டம் விட்டுக் கண்டம் போகிற நெடும்பயணம். பழைய கம்ப்யூட்டரில் அதைப் போட்டால் லாரி நகராது. மழைத்துளிகூட பாதி வழியில் நின்றுவிட்டது. சிக்கல் அதோடு முடியவில்லை. நெடும்பயணத்துக்கு ஒரு சட்டம் இருந்தது: கிளம்பும்போது லாரியில் எந்த இரண்டு பேர் ஏறுகிறார்களோ, பயணம் முடிகிறவரை அவர்கள்தான். நடுவில் ஆள் மாற்ற முடியாது. பயணமோ மாதக்கணக்கில் ஓடுமாம்.

"என் ஆபீஸ்ல ஒரு ஃப்ரெண்டு கேட்டுக்கிட்டே இருக்காம்மா" என்றாள் வாத்து. "புது கம்ப்யூட்டரோட தயாரா இருக்கா. நான் இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள நீ ஒண்ணு வாங்கிடு. அதுக்கு மேல அவளைக் காக்க வைக்க முடியாது, பாவம்."

"ஆமாமா, பாவம்" என்றாள் அண்ணி. ஃபோனை வைத்துவிட்டு வந்து, ஒரு ஆசாமியின் பேண்ட்டை முழங்காலோடு வெட்டிவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் கத்தரி அப்படிப் போனதே இல்லை. அந்த ஆசாமியிடம் நான்தான் பேசி அனுப்பினேன். கடைசியில் அவர் அரைக்கால் சட்டைதான் தனக்கு வசதி என்று ஒப்புக்கொண்டு போனார்.

அன்று வீட்டில் பட்டிமன்றம் நடந்தது. ரெடிமேடாக ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதா, பாகம் பாகமாக வாங்கி நாமே மாட்டுவதா? நாமே மாட்டுவது என்று ஒன்று இருக்கிறது என்பதே வாத்து போகிற போக்கில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

"நான் ஓட்டற பஸ்ஸை நானா கட்டினேன்?" என்று அண்ணன் கேட்டான். "சாவியைக் கொடுத்தாங்க, ஓட்டறேன். வாங்கிட்டு வா, பிளக்கைச் சொருகு, ஓட்டு. இதுக்குப் போய் என்ன யோசனை?"

அவன் வாழ்நாளில் சொன்ன உருப்படியான பேச்சு அதுதான் என்று எனக்குத் தோன்றியது. வெளியே சொல்லவில்லை, தலைக்கனம் ஏறிவிடும். அண்ணி இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "கடைக்குப் போய் பார்த்துட்டு வரலாம், வா" என்று என்னை இழுத்தாள்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் எங்களுக்குப் பழக்கமானவர். அவருடைய இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல்கடை இறக்கம். அதைச் சட்டையில் மறைத்துத் தைப்பது அண்ணியின் கைவண்ணம். கடை நடுவில், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த பெட்டி ஒன்று, உள்ளே ஊதாவும் பச்சையுமாக விளக்கு எரிய, மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றுகொண்டிருந்தது.

"இதாங்க்கா உங்களுக்கு" என்றார். "எல்லாம் மாட்டி, ஓட்டிப் பார்த்து வெச்சது. அந்த லாரி ஆட்டம் இதுல சும்மா பறக்கும்."

அண்ணி அதைச் சுற்றி வந்தாள். கண்ணாடியைத் தடவினாள். பின்பக்கம் குனிந்து, உள்தையலைப் பார்ப்பது போல ஒயர்களைப் பார்த்தாள். "உங்க தோளுக்கு எந்த ரெடிமேடு சட்டையாவது ஒழுங்கா உட்கார்ந்திருக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுகூட இல்லக்கா" என்று அவர் சிரித்தார். "ஆனா சட்டை வேற, இது வேற. தனித்தனியா வாங்கினா ஒண்ணுக்கொண்ணு ஒத்து வராம நிக்கும். யாருக்காவது ஃபோன் போட்டு, இது எங்க போகும், அது எங்க போகும்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். இதுல அந்தத் தொல்லையே இல்ல. யாருக்கும் ஒரு ஃபோன்கூடப் போட வேண்டாம்."

அண்ணியின் கை கண்ணாடியிலிருந்து இறங்கியது. "ஒரு ஃபோன்கூட வேண்டாமா?"

"சத்தியமா வேண்டாம். நான் கேரண்டி."

"அப்ப இது வேண்டாம். தனித்தனியாவே கொடுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வரும் வழியெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல். இது தையற்காரி வீம்பு, வேறென்ன? ஊரில் அத்தனை பேருக்கும் ரெடிமேடு ஆகாது என்று பாடம் நடத்தியவள், இப்போது ரெடிமேடு வாங்கினால் மானம் போய்விடும் என்று பார்க்கிறாள். மானத்தைப் பார்த்து மகள் பக்கத்து சீட்டை அந்த ஆபீஸ்காரிக்குத் தூக்கிக் கொடுக்கப் போகிறாள். இதை அவளிடம் சொல்லவும் சொன்னேன். "சரி, பார்த்து நட, வண்டி வருது" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாங்கி வந்த பெட்டிகளெல்லாம் வெட்டு மேசைக்கு வந்தன. அன்றிலிருந்து கடையில் பாதி தையல், பாதி கம்ப்யூட்டர். எல்லாப் பாகமும் போய் உட்காருகிற கூட்டுக்கு கேபினெட் என்று பெயர். அதை அவள் வாங்கிய விதமே தனி. உள்ளே போக வேண்டிய கிராபிக்ஸ் கார்டை இன்ச் டேப்பால் நீள அகலம் அளந்து, "இடுப்புல கொஞ்சம் லூஸ் இருக்கட்டும், பின்னாடி சதை போட்டாலும் போடும்" என்று அடுத்த சைஸ் எடுத்தாள். மதர்போர்டை முதல் தடவை மாட்டியபோது ஸ்க்ரூ ஒன்றையும் இறுக்கவில்லை. துணிக்கு இழை ஓட்டுவது போல லேசாகச் சுற்றிவைத்து, தள்ளி நின்று பார்த்து, சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று திருப்தியான பிறகுதான் இறுக்கினாள். சட்டை வாங்க வந்தவர்கள் எல்லாம், "இது யாருக்குத் தைக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஃபோனோ ஓயவில்லை. எங்களுக்குக் கடை மூடுகிற நேரம், வாத்துக்கு மதிய இடைவேளை; ஆபீஸ் பக்கத்திலேயே வீடு என்பதால் சாப்பிட அங்கே வந்துவிடுவாள். தினமும் அண்ணி கூப்பிடுவாள். "இந்த ஒயர்ல எட்டு ஓட்டை இருக்கு, அது எங்க போகும்?" "காட்டும்மா. மேல, இடது மூலை. இன்னும் மேல." "இந்தக் குட்டி ஸ்க்ரூ?" "அது பெரிய ஸ்க்ரூவோட மாமா பெண். தனியா வை." போகப் போக வாத்தே கூப்பிட ஆரம்பித்தாள். "அம்மா, இன்னிக்கு எதுவரைக்கும் வந்தே?" என்று கேட்டுக்கொண்டு, ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்துவிடுவாள். மேனேஜர் திட்டியது, புதிதாகச் சிநேகமான பூனை, முடி கொட்டுவது எல்லாம் நடுவில் வரும்.

எனக்குத்தான் சுள்ளென்று இருந்தது. கூட வந்த குறிப்புத்தாளை வரி விடாமல் படித்துச் சொல்கிறவள் நான். மெமரி கார்டு எந்தப் பள்ளத்தில் போகும் என்று இரண்டு தடவை படித்துச் சொன்னேன். அண்ணி தலையை ஆட்டினாள். அந்தப் பள்ளத்திலேயே விரலையும் வைத்தாள். அப்புறம் ஃபோனை எடுத்து மகளிடம், "இது எந்தப் பள்ளத்துலடி போகும்?" என்றாள்.

"இப்பதானே நான் படிச்சேன்?" என்று கத்தினேன்.

"நீ படிச்சா எனக்கு விளங்கல" என்றாள்.

பள்ளியில் என்னைப் பார்த்துத்தான் பரீட்சை எழுதினாள். அப்போதெல்லாம் நன்றாக விளங்கியது. நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் கண்டுகொள்ளவே இல்லை.

கெடுவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, மிச்சம் இருந்தது ஒரே ஒரு பாகம். கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி பிராசசர் என்று ஒரு சில்லு. அதன் தலைமேல் சூட்டை இழுக்கிற ஃபேன் உட்கார வேண்டும். ஃபேனோடு வந்த தாளில் படங்கள்தான், எழுத்தே கிடையாது. கட்டைவிரல் அளவு டியூபில் பசை போன்ற ஒன்று வேறு. சில்லின் மேல் அந்தப் பசையை ஒரு பொட்டு வைத்துவிட்டு, அண்ணி ஃபேனைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பாகம் பளபளவென்று, மெல்லிய கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இங்க பார், காலர் கேன்வாஸ்!"

எனக்கும் சட்டென்று புரிந்தது. சட்டைக் காலருக்குள்ளே விறைப்புக்கு வைக்கிற கேன்வாஸில் ஒரு பக்கம்தான் பளபளக்கும். அந்தப் பக்கம்தான் பசை. துணி மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். கடையில் எத்தனை ஆயிரம் காலருக்கு நான் அப்படி அழுத்தியிருப்பேன்!

"இது ஓட ஓடச் சூடாகும்னு வாத்து சொன்னாள்ல? சூடு பட்டா தானா ஒட்டிக்கும்" என்றாள் அண்ணி.

"ஒட்டாம எங்க போகும்?" என்றேன் நான். ஃபேன் கம்பீரமாகத் தலைமேல் ஏறி உட்கார்ந்தது.

மாலையில் அண்ணன் டியூட்டி முடித்து, காக்கிச் சட்டையோடு வந்து நின்றான். அண்ணி பட்டனை அழுத்தினாள். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை வந்தது. நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம். பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கையே இதிலும் மாட்டியிருந்ததால் ஆட்டம் தயாராக இருந்தது, திறந்தாள். மழை, மலை, புத்தம் புது லாரி. லாரி ஷெட்டின் கேட்டைத் தாண்டும் முன் எல்லாம் அணைந்துபோனது.

மறுபடி போட்டாள். மறுபடி அணைந்தது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிடச் சீக்கிரம் அணைந்தது. உள்ளே கையை வைத்த அண்ணன், "ஐயோ!" என்று விரலை உதறினான். "பஸ்ஸை நானா கட்டினேன்னு அன்னிக்கே..." என்று தொடங்கியவனை நான் பார்த்த பார்வையில், மிச்சத்தை விழுங்கிக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

அந்த நேரம் பார்த்து வாத்து கூப்பிட்டாள். மணி அடித்தது. அண்ணி ஃபோனை எடுக்கவில்லை. மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, சிதறிக் கிடந்த ஸ்க்ரூக்களைப் பட்டன் டப்பாவில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் ஃபோனை அவள் எடுக்காமல் விட்டு நான் பார்த்ததில்லை. அவள் வீம்பு மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஞாயிறு காலை என்னை அழைத்துக்கொண்டு நேராகக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். மாப்பிள்ளை இன்னும் அதே இடத்தில் மினுங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டு, குத்திக்காட்டாமல், "விடுங்கக்கா, இதை எடுத்துட்டுப் போங்க. அந்தச் சாமானையெல்லாம் நான் திருப்பி எடுத்துக்கறேன். அஞ்சு நிமிஷத்துல லாரி ஓடும்" என்றார். தங்கமான மனுஷர்.

அண்ணி அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்ல?" என்றாள். கேட்ட தொனியைப் பார்த்தால், ஏதோ கெட்ட செய்தி கேட்டவள் போல இருந்தது. "மத்தியானம் வரைக்கும் யாருக்கும் கொடுக்காதீங்க. வந்து எடுத்துக்கறேன்."

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "இப்பவே எடுத்தா என்ன? இன்னும் என்ன வீம்பு உனக்கு? அவ உன்னை விட்டுட்டுப் போகப் போறா!"

"அவகிட்ட ஒரு தடவை கேட்டுடறேன்" என்றாள். "தோத்துட்டேன்னு சொல்லிட்டு வாங்கிக்கறேன்."

வீட்டுக்கு வந்து அவள்தான் கூப்பிட்டாள். திரையில் வாத்து தலைகூட வாராமல் தெரிந்தாள். "நேத்து ஏன்மா எடுக்கல? எவ்ளோ பயந்துட்டேன் தெரியுமா?" என்று படபடத்தாள். அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். சூடாகி அணைவதைச் சொன்னாள். வாத்து கொஞ்சம் யோசித்தாள்.

"அம்மா, ஃபேனுக்கு அடியில பளபளன்னு ஒரு தாள் ஒட்டியிருந்திருக்குமே. அதைப் பிரிச்சு எங்க போட்டே?"

"எதுக்குப் பிரிக்கணும்? அதுதானே ஒட்டறது?"

"என்னது?"

"சூடு பட்டா ஒட்டிக்கும்ல. கேன்வாஸ் மாதிரி."

வாத்து சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், நாற்காலியிலிருந்து காணாமல் போய், மேசைக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "அத்தை, நீங்களுமா பார்த்துக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள். நான் அவசரமாக இஸ்திரிப் பெட்டியைத் தேடிக்கொண்டு போனேன். மகளை எட்டு ஒயருக்கும் பத்து ஸ்க்ரூவுக்கும் தொந்தரவு செய்தவள், கேட்காமல் செய்த ஒரே காரியம் அதுதான். தெரிந்த விஷயம் என்று நினைத்தால் யார் கேட்பார்கள்?

சூட்டை ஃபேனுக்கு ஏறவிடாமல் மறித்தது அந்தத் தாள்தானாம், மாட்டும் முன்பே பிரித்து எறிந்திருக்க வேண்டுமாம். ஃபேனைக் கழற்றி, தாளைப் பிரித்து, பழைய பசையைத் துடைத்தோம். துடைக்கத் துணிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா? புதிதாக ஒரு பொட்டு வைத்து, மறுபடி மாட்டி, பட்டனை அழுத்தினாள். மழை பெய்தது. லாரி கேட்டுக்கு முன்னால் தயாராக நின்றது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். மழை பெய்துகொண்டே இருந்தது. அண்ணன் உள்ளே கையை வைத்துப் பார்த்து, "கை வைக்கலாம்" என்று அறிக்கை விட்டான்.

"அம்மா, நம்ம ரெண்டு பேர் பேரையும் போடட்டுமா?" என்று வாத்து கேட்டாள். "போட்டா அப்புறம் மாத்த முடியாது."

"யாரு மாத்தச் சொன்னா? போடு."

லாரி கேட்டைத் தாண்டியது. கடைக்காரருக்கு, அந்தப் பெட்டி வேண்டாம் என்று நான் ஃபோன் செய்தேன். கொஞ்ச தூரம் போனதும் வாத்து இழுத்தாள். "அம்மா, ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது. என்னோட கம்ப்யூட்டர் இருக்குல்ல, அது ரெடிமேடு."

"தெரியும்டி. கண்ணாடியும் ஊதா லைட்டுமா உன் பின்னாடி தினம் தெரியுதே. அதேதான் இங்க கடையிலயும் நிக்குது." ஒரு வளைவை ஒடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "உன் அத்தை போட்டிருக்கிற நீல டாப்ஸும் ரெடிமேடுதான். ஓரகத்தி கொடுத்தாளாம். ஓரத்துல பிரிச்சு விட விடுதுணி ஒரு நூலளவு இல்ல, அது எனக்குத் தெரியாதா?"

நான் டாப்ஸின் ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"தெரிஞ்சப்புறம் நீயும் ரெடிமேடே வாங்கியிருக்கலாமே?" என்றாள் வாத்து. "எதுக்கு இவ்ளோ கஷ்டப்பட்டே?"

அண்ணி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெடிமேடு வாங்கியிருந்தா அஞ்சு நிமிஷம். இந்த மாசம் பூரா நீ தினம் பேசினே" என்றாள்.

ஸ்பீக்கரில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது. வழி சொல்ல ஆள் இல்லாமல் லாரி ஒரு கம்பத்தில் போய் இடித்தது. "இதுக்குத்தான் பஸ் டிரைவர் வேணுங்கறது" என்று அண்ணன் கதவோரத்திலிருந்து சொன்னான். அவன் கண்ணும் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது. நான் மடித்த துணியையே மறுபடி மடித்தேன். ஒரு மாதமாக அவளை வீம்புக்காரி என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன். 'ஒரு ஃபோன்கூட வேண்டாம்' என்று கடைக்காரர் சொன்ன பேச்சுக்குத்தான் அன்று அவள் கை கண்ணாடியிலிருந்து இறங்கியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்று அண்ணியும் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. திங்கட்கிழமை கடை மூடுகிற நேரத்தில் ஃபோனை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். செவ்வாய்க்கிழமை அதையும் செய்யவில்லை. ஒரு கோட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். கோட்டுக்காரர் கையை விரித்துக்கொண்டு நின்றிருந்தார். அப்போது மணி அடித்தது.

"அம்மா" என்றாள் வாத்து. திரையில் அவளுக்குப் பின்னால் அந்த ஊதா விளக்கு இல்லை. கண்ணாடி தனியாக, ஃபேன் தனியாக, ஒயர் தனியாக, மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தாள். "என்னோடதை அக்குவேறு ஆணிவேறா கழட்டிட்டேன். எது எங்க போகும்னு ஒண்ணுமே தெரியல."

அவளுக்கா தெரியாது? ஒரு மாதமாக எங்களுக்கு ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் வழி சொன்னதே அவள்தானே. நான் வாயைத் திறந்தேன். அண்ணி டேப்பால் என் கையில் ஒரு தட்டு தட்டினாள். கோட்டுக்காரரை அப்படியே நிற்க விட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கிட்ட காட்டு" என்றாள். "முதல்ல அந்தக் குட்டி ஸ்க்ரூவையெல்லாம் தனியா எடுத்து வை."